மாத்தளையிலிருந்து ஹவானாவுக்கு

கியூபா என்ற பெயரைக் கேட்டவுடன் நம்மவர்களுக்குச் சுருட்டும் சீனியும் தாடி வைத்த இரண்டு மனிதர்களும் நினைவுக்கு வருவது வழக்கம். என் வயதுப் பத்திரிகைக்காரர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். 1959ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் சே குவேரா இலங்கைக்கு வந்திருந்தார். ஹொரணைக்கு அருகேயுள்ள யஹலகலே இறப்பர்த் தோட்டத்தைப் பார்வையிட்டு, அங்கே ஒரு மஹோகனி மரக்கன்றை நாட்டிவிட்டுச் சென்றார். அந்த மரத்தைப் பற்றி எங்கள் பத்திரிகைகளில் எத்தனையோ முறை எழுதியாகிவிட்டது. இன்று நான் எழுத விரும்புவது அந்த மரத்தைப் பற்றியல்ல. மாத்தளைத் தோட்டப்புறத்திலிருந்து கியூபாவுக்குப் போய் வைத்தியம் படித்துத் திரும்பிய ஒரு பிள்ளையைப் பற்றி.

அவள் என் நண்பரின் மகள். இரத்தோட்டைக்கு மேலே, நக்கிள்ஸ் மலையடிவாரத்துத் தோட்டமொன்றின் பாடசாலையில் நெடுங்காலம் ஆசிரியராக இருந்தவர் அந்த நண்பர். பெயர் வேண்டாம் என்று தந்தையும் மகளும் கேட்டுக்கொண்டார்கள்; விடயத்தை எழுதலாம் என்று அனுமதித்தார்கள். இன்று அவள் ஒரு வைத்தியர். 'அவர்' என்று எழுதுவதே முறை. ஆனால் எங்கள் வீட்டுத் திண்ணையில் அரிச்சுவடி படித்த பிள்ளையை அப்படி எழுதக் கை வரவில்லை. வாசகர்கள் பொறுத்தருள வேண்டும்.

இந்தக் குடும்பத்தின் கடவுச்சீட்டுக் கதையை முதலில் சொல்லிவிட வேண்டும். நண்பரின் தந்தை 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவரானவர், நாடற்றவராகவே காலமானார். அவருடைய பாட்டனார், கோப்பித் தோட்டக் காலத்தில் மன்னாரில் இறங்கி, காட்டு வழியே நடந்து, தம்புள்ளை, நாலந்தை கடந்து மாத்தளைக்கு வந்து சேர்ந்தவர்களுள் ஒருவர். அந்த வடபாதையில் வாந்திபேதியாலும் பட்டினியாலும் விழுந்தவர்களின் தொகை யாருக்கும் சரியாகத் தெரியாது. எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கெல்லாம் வழிவிட்ட 35ஆம் இலக்கச் சட்டம் 2003ஆம் ஆண்டில்தான் வந்தது. அதற்குச் சில ஆண்டுகளின் பின்னர், அதே குடும்பத்தின் பேத்தி இலங்கைக் கடவுச்சீட்டுடன் கட்டுநாயக்காவில் விமானம் ஏறினாள். அன்று நண்பர் அந்தக் கடவுச்சீட்டைத் திறந்து திறந்து பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்றும் கண்ணில் நிற்கிறது.

அவள் ஏன் வெளிநாடு போக வேண்டி வந்தது? உயர்தரப் பரீட்சையில் உயிரியல் பிரிவில் நல்ல பெறுபேறே பெற்றிருந்தாள். ஆனால் இலங்கையில் பல்கலைக்கழக அனுமதி வெறும் பெறுபேற்றால் மட்டும் தீர்மானிக்கப்படுவதில்லை. நூற்றுக்கு 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 இடங்கள் மாவட்ட அடிப்படையிலும், எஞ்சிய 5 இடங்கள் கல்வி வசதி குறைந்த மாவட்டங்களுக்கென மேலதிகமாகவும் ஒதுக்கப்படுகின்றன. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பின்தங்கிய மாவட்டப் பட்டியலில் இருக்கின்றன. மாத்தளை இல்லை. நகரத்துப் பெரிய பாடசாலைகளில், ஆய்வுகூடமும் தனியார் வகுப்பும் வாய்க்கப் பெற்ற மாணவர்களோடு, இரத்தோட்டைத் தோட்டத்துப் பிள்ளையும் ஒரே மாவட்டக் கணக்கில் போட்டியிட வேண்டும். வைத்திய பீடத்துக்கான வெட்டுப்புள்ளியை அவள் மயிரிழையில் தவறவிட்டாள். இரண்டாம் முறையும் அப்படியே.

அப்போதுதான் கியூபப் புலமைப்பரிசில் பற்றிய விளம்பரத்தைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு நண்பர் என்னிடம் வந்தார். பத்திரிகைக்காரனுக்கு உலகமெல்லாம் தெரியும் என்பது தோட்டப்புறத்து நம்பிக்கை. கியூபா நல்ல நாடா, பெண்பிள்ளையை அனுப்பலாமா, அங்கே சோறு கிடைக்குமா என்று மூன்று கேள்விகள் கேட்டார். மூன்றாவது கேள்விக்கு மட்டும் என்னால் உறுதியாகப் பதில் சொல்ல முடிந்தது. கியூபர்கள் நம்மைப் போலவே சோறு உண்பவர்கள்.

ஹவானாவின் மேற்குப் புறத்தில், கடலோரமாக, முன்னர் கடற்படைக் கல்லூரியாக இருந்த கட்டடங்களில் 1999ஆம் ஆண்டு தொடங்கப்பட்டது இலத்தீன் அமெரிக்க மருத்துவக் கல்லூரி. அதற்கு முந்திய ஆண்டில் ஜோர்ஜ், மிட்ச் என்ற இரண்டு சூறாவளிகள் கரீபியன் தீவுகளையும் மத்திய அமெரிக்காவையும் சூறையாடியிருந்தன. அங்கே சென்ற கியூப வைத்தியர்கள், தாம் திரும்பிய பின் அந்த ஏழைக் கிராமங்களை யார் பார்ப்பார்கள் என்ற கேள்வியுடன் நின்றார்கள். அந்தந்த ஊர்ப் பிள்ளைகளையே இலவசமாக வைத்தியராக்கி அனுப்புவது என்ற யோசனை அதிலிருந்து பிறந்தது. பின்னர் ஆபிரிக்கா, ஆசியா, ஏன், அமெரிக்காவிலிருந்துகூட ஏழை மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்றுவரை நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 30,000 பேர் அங்கே பட்டம் பெற்றிருக்கிறார்கள். படிப்பு, தங்குமிடம், உணவு யாவும் இலவசம். கைச்செலவுக்கு அப்போது மாதம் 100 கியூப பெசோ. அந்தக் காசுக்கு அதிகம் ஒன்றும் வாங்க முடியாது என்பது வேறு விடயம்.

வைத்தியப் படிப்பு முழுவதும் ஸ்பானிய மொழியில். ஆகவே வேற்றுமொழி மாணவர்கள் முதலில் மொழியைப் பயில வேண்டும். ஆங்கிலத்துக்கே அஞ்சிக்கொண்டிருந்த பிள்ளை ஸ்பானிய மொழியில் உடற்கூற்றியலை எப்படிப் படிக்கப் போகிறாள் என்று நாங்கள் கவலைப்பட்டுக்கொண்டிருக்க, அவளிடமிருந்து வந்த முதல் நீண்ட கடிதம் வேறு விதமாக இருந்தது. "மாமா, இங்கே பாணுக்குப் பாண் என்றுதான் சொல்கிறார்கள்" என்று தொடங்கியது அது.

உண்மைதான். 1505இல் இலங்கைக் கரைக்கு வந்த போர்த்துக்கேயர் விட்டுச்சென்ற சொற்கள் ஈழத்துத் தமிழில் ஏராளம். போர்த்துக்கேயமும் ஸ்பானியமும் இலத்தீனின் பிள்ளைகள். ஆகவே நம் மேசை அங்கேயும் மேசாதான். சப்பாத்து, ஸபாத்தோ. வாங்கு, பாங்கோ. தவறணை, தபேர்னா. எல்லாவற்றிலும் என்னை நிறுத்தியது ஒரு சொல். தோட்டத்து லயத்தில் ஒரு குடும்பம் வாழும் ஒற்றை அறையை நம்மவர்கள் காம்பிரா என்பார்கள். ஸ்பானிய மொழியில் காமரா என்றால் அறை. லயத்துக் காம்பிராவில் பிறந்த பிள்ளை, அந்தச் சொல்லின் உடன்பிறப்பைப் பத்தாயிரம் மைலுக்கு அப்பால் ஓர் அகராதியில் சந்தித்திருக்கிறாள்.

சொற்களைவிட வாக்கிய அமைப்பு அவளுக்கு அதிகம் கைகொடுத்தது. ஆங்கிலத்தில் தலைவலியைச் சொல்ல வேண்டுமானால், 'நான் ஒரு தலைவலியை வைத்திருக்கிறேன்' என்ற பாங்கில் சொல்ல வேண்டும். ஸ்பானிய மொழியில் 'மே துவேலே லா கபேஸா'. சொல்லுக்குச் சொல் பெயர்த்தால், எனக்கு வலிக்கிறது தலை. 'மே குஸ்தா' என்றால் எனக்குப் பிடிக்கிறது. நோவும் விருப்பமும் நாம் செய்யும் செயல்களல்ல, நமக்கு நேர்பவை என்று தமிழைப் போலவே அந்த மொழியும் கருதுகிறது. நோயாளியிடம் வைத்தியர் முதலில் கேட்கும் 'தோந்தே லே துவேலே?' என்ற கேள்வி, அப்படியே 'எங்கே உங்களுக்கு வலிக்கிறது?' என்பதுதான். மரியாதைப் பன்மைகூட உண்டு. நீ என்பதற்குத் தூ, நீங்கள் என்பதற்கு உஸ்தேத். ஆனால் கியூபர்கள் மரியாதையை விரைவில் மறந்துவிடுவார்களாம். பேருந்தில் பயணச்சீட்டுக் கேட்டால் முன்பின் அறியாத கிழவி 'மி அமோர்', அதாவது 'என் அன்பே' என்று விளிப்பாளாம். இரத்தோட்டையில் வளர்ந்த பிள்ளை முதல் மாதம் முழுவதும் முகம் சிவந்து திரிந்திருக்கிறாள்.

சோற்றோடு கறுப்பு அவரை. அதுவே நாளாந்த உணவு. உறைப்பு என்பது அந்நாட்டாருக்குத் தெரியாது. மரவள்ளிக் கிழங்கு மட்டும் அவளுக்கு ஆறுதலாக இருந்தது. அமெரிக்கக் கண்டத்திலிருந்து நம்மிடம் வந்த கிழங்கு அது. அங்கே உள்ளிப்பூண்டும் புளிப்புத் தோடம்பழச் சாறும் விட்டு உண்பார்கள். இவள் தாயார் அனுப்பிய மிளகாய்த்தூளைத் தூவி உண்டிருக்கிறாள். அந்த மிளகாயும், எங்கள் மாத்தளைத் தோட்டங்களின் கொக்கோவும், வனிலாவும் அதே கண்டத்திலிருந்து கடல் கடந்து வந்தவைதாம்.

நிற்க. படிப்புக்கு வருகிறேன். கியூபாவில் 1984ஆம் ஆண்டு முதல் குடும்ப வைத்தியர் முறை நடைமுறையில் இருக்கிறது. தொடக்கத்தில் ஏறத்தாழ 120 குடும்பங்களுக்கு ஒரு வைத்தியரும் ஒரு தாதியும் என்று கணக்கு. கீழ்த்தளத்தில் சிறு சிகிச்சை நிலையம், மேல்தளத்தில் வைத்தியரின் வீடு. காலையில் நோயாளிகள் வைத்தியரிடம் வருவார்கள்; பிற்பகலில் வைத்தியர் வீடு வீடாகப் போவார். தம் பொறுப்பிலுள்ள ஒவ்வொருவரையும் நலமாக இருப்பவர், நோய் வரும் அபாயத்தில் இருப்பவர், நோயாளி, நோயால் ஊனமுற்றவர் என நான்காகப் பிரித்து ஏட்டில் எழுதி வைக்க வேண்டும். மாணவர்களும் ஏடும் கையுமாகப் பின்னே நடக்க வேண்டும். எந்த வீட்டில் தண்ணீர்ப் பீப்பாய்க்கு மூடி இல்லை என்பதும் அந்த ஏட்டில் இருக்கும். மஞ்சட்காய்ச்சலை நுளம்புதான் பரப்புகிறது என்று 1881இல் முதன்முதலாகச் சொன்ன கார்லோஸ் பின்லே பிறந்த நாடல்லவா! 2017ஆம் ஆண்டில் இலங்கையில் 186,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சல் கண்டபோது அந்த நுளம்பு ஏட்டின் அருமையை அவள் எனக்கு விளக்கினாள்.

இதைக் கேட்டு நான் வியந்தபோது அவள் என்னைத் திருத்தினாள். வீடு வீடாகப் போவது நமக்குப் புதிதல்ல. 1926இல் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையும், கிராமம் தோறும் குடை பிடித்துக்கொண்டு வரும் குடும்ப நல உத்தியோகத்தர் அம்மாவும் கியூபாவுக்கு முந்தியவர்கள். தாயிலிருந்து சேய்க்கு எச்.ஐ.வி., சிபிலிசு தொற்றுவதை ஒழித்த முதல் நாடாகக் கியூபாவை உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது 2015இல். அதே சான்று இலங்கைக்கும் 2019இல் கிடைத்தது. நம்மிடம் முறை இருந்தது. தோட்டங்கள் நெடுங்காலம் அந்த முறைக்கு வெளியே இருந்தன என்பதுதான் குறை. தோட்டத்து வைத்தியம் தோட்ட நிர்வாகத்தின் பொறுப்பாக இருந்தது. பட்டம் பெறாத உதவியாளரே எங்களுக்கு 'டொக்டர் ஐயா'. அரசாங்கம் தோட்ட வைத்தியசாலைகளைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1990களில்தான். கியூபாவின் மலைக் கிராமத்து வைத்தியரைப் பார்க்கும்போதெல்லாம் இந்த எண்ணமே வரும் என்று அவள் சொன்னாள்.

பிற்பகுதிப் படிப்புக்கு அவள் கிழக்கே சந்தியாகோ தே கூபாவுக்கு அனுப்பப்பட்டாள். ஹெயிட்டியிலிருந்து தப்பி வந்த பிரெஞ்சுத் தோட்டத்துரைமார் பத்தொன்பதாம் நூற்றாண்டில் கோப்பி பயிரிட்ட மலைகள் அங்கே இருக்கின்றன. ஒரு விடுமுறை நாளில் நண்பிகளோடு போயிருக்கிறாள். இடிந்த துரை பங்களா, கல்லால் கட்டிய கோப்பி உலர்த்தும் களம், அடிமைகள் அடைபட்டிருந்த பர்ரக்கோன் எனப்படும் குடியிருப்பு. பர்ரக்கோனை விளக்கிக்கொண்டிருந்த வழிகாட்டியிடம், இதைப் போன்ற ஒன்றில்தான் தான் பிறந்ததாகவும், தன் உறவினர்கள் இன்னும் அதில் வாழ்வதாகவும் இவள் சொல்ல, அவர் மொழி தெரியாமல் தவறாகச் சொல்கிறாள் என்று எண்ணித் திருத்த முயன்றாராம். கியூபாவில் அடிமை முறை 1886இல் ஒழிக்கப்பட்டது. நம்மவர்கள் அடிமைகளல்லர், ஒப்பந்தத்திலும் கங்காணிக் கடனிலும் கட்டுண்டவர்கள். வேறுபாடு பெரிதுதான். ஆனால் அறையின் நீள அகலத்தில் அந்த வேறுபாடு தெரியவில்லை என்று எழுதியிருந்தாள்.

அந்தக் கோப்பித் தோட்ட இடிபாடுகளை யுனெஸ்கோ 2000ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவித்தது. எங்கள் மாவட்டத்திலும் மரபுரிமைகள் உண்டு: தம்புள்ளைக் குகைக்கோவில் 1991இலும், மத்திய மலைநாட்டின் பகுதியாக நக்கிள்ஸ் 2010இலும் பட்டியலில் சேர்ந்தன. மன்னாரிலிருந்து மாத்தளைக்கு வந்த கோப்பிக் கூலிகளின் பாதை எந்தப் பட்டியலிலும் இல்லை.

கியூபாவைச் சொர்க்கமாக்கிக் காட்டுவது என் நோக்கமல்ல. பத்திரிகைக்காரனாகிய எனக்கு, கட்சிப் பத்திரிகையும் அரசு ஊடகமுமே சட்டபூர்வமாக இயங்கும் நாட்டில் மூச்சு முட்டும். 2021 யூலை 11ஆம் திகதி மக்கள் வீதிக்கு வந்து உணவும் மருந்தும் சுதந்திரமும் கேட்டார்கள். நூற்றுக்கணக்கானோர் சிறை சென்றார்கள். வைத்தியர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி வரும் வருமானத்தில் பெரும்பகுதியை அரசே எடுத்துக்கொள்கிறது என்ற குற்றச்சாட்டும் பழையது. இவளுக்குக் கற்பித்த பேராசிரியர்களுள் ஒருவர் மாலை நேரங்களில் வாடகைக் கார் ஓட்டினார். இவற்றையெல்லாம் அவள் மறைக்காமல் சொன்னாள். ஆனால் ஒரு சத்தமும் கொடுக்காமல் தன்னை வைத்தியராக்கிய நாட்டைப் பற்றிப் பேசும்போது குரலில் ஒரு தயக்கம் இருக்கும், கடன்பட்டவர்களின் தயக்கம்.

பட்டத்தோடு திரும்பியவளுக்கு இங்கே இன்னொரு மலை காத்திருந்தது. வெளிநாட்டில் படித்தவர்கள் இலங்கையில் தொழில் புரிவதானால் பதிவுப் பரீட்சையில் சித்தியடைய வேண்டும். பரீட்சை ஆங்கிலத்தில். ஈரலையும் இரைப்பையையும் ஸ்பானிய மொழியில் படித்தவள் எல்லாவற்றையும் ஆங்கிலத்தில் மீண்டும் படித்தாள். முதல் முறை தவறியது. அடுத்த முறை கிடைத்தது. பின்னர் பயிற்சிக் காலம். மத்திய மாகாணத்து அரசாங்க வைத்தியசாலை ஒன்றில் நியமனம்.

அங்கே வேலை சிங்களத்தில். அவளுடைய சிங்களம் சந்தைக்குப் போதுமானது, வைத்தியசாலைக்குப் போதாது. அதையும் கற்றுக்கொண்டாள். ஆனால் அவளை உறுத்தியது மறுபுறம். தோட்டத்திலிருந்து வரும் தமிழ்ப் பெண்கள் பாடசாலை செல்லும் பிள்ளையையும் உடன் அழைத்து வருவார்கள். பிள்ளைதான் மொழிபெயர்ப்பாளர். தாயின் மாதவிலக்கு வேதனையைப் பத்து வயதுப் பையன் வைத்தியருக்குச் சிங்களத்தில் சொல்ல வேண்டும். தாய் எதைச் சொல்வாள், எதை விழுங்குவாள் என்று நாம் ஊகிக்கலாம். தமிழும் அரச கரும மொழி என்று 1987ஆம் ஆண்டின் 13ஆவது திருத்தம் சொல்கிறது. சட்டம் வார்டுக்குள் வந்து படுக்கையருகே நிற்பதில்லை. உடன் வேலை செய்யும் சிங்கள வைத்தியர்களும் தாதியரும் கெட்டவர்களல்லர். அவர்களுக்குத் தமிழைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லை, அவ்வளவே.

சந்தியாகோவில் முதல் நாள் இவள் கையில் ஒரு தாள் கொடுத்தார்களாம்: நோயாளியிடம் கேட்க வேண்டிய நாற்பது கேள்விகள். அதை நினைத்துக்கொண்டு, நாற்பது தமிழ் வாக்கியங்களைச் சிங்கள எழுத்தில் எழுதி, பொருளையும் சிங்களத்தில் குறித்து, தாதியர் அறையில் ஒட்டினாள். எங்கே வலிக்கிறது? எத்தனை நாளாக? மூச்செடுக்கக் கஷ்டமா? குழந்தை பால் குடிக்கிறதா? பயப்படாதீர்கள். அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் தாதியர் முதலில் பாடமாக்கினார்களாம்.

பின்னர் 2022ஆம் ஆண்டு வந்தது. நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு, மண்ணெண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வரிசை, வைத்தியசாலைகளில் மருந்தில்லை. அபகோன் எனப்படும் கியூப மின்வெட்டில் படித்தவளுக்கு இது பழகிய இருள். வரிசையில் நிற்கும் கலையைத் தந்தைக்கும் கற்றுக்கொடுத்தாள். கியூபர்கள் வரிசைக்கு வந்ததும் 'எல் உல்திமோ?', கடைசி ஆள் யார், என்று கேட்டு அவரை அடையாளம் பார்த்துக்கொள்வார்கள். பிறகு நிழலில் போய் உட்கார்ந்துவிடுவார்கள். யாரும் இடம் மாற மாட்டார்கள். மாத்தளைச் சந்தியில் அது ஒரு நாள் மட்டும் பலித்தது என்றார் நண்பர்.

அந்த ஆண்டிலிருந்து நூற்றுக்கணக்கான வைத்தியர்கள் இலங்கையை விட்டுப் போனார்கள். அவளோடு கியூபாவில் படித்த தோழியர் சிலர் ஸ்பெயினில் இருக்கிறார்கள். பட்டத்தை அங்கீகரிக்கச் செய்ய வேண்டும். மற்றவர்களைத் தடுக்கும் மொழித் தடை இவளுக்கு இல்லை. விண்ணப்பப் படிவம் மேசையில் கிடக்கிறது. போகட்டும் என்கிறார் தாய். போகாதே என்று சொல்ல எனக்கு என்ன உரிமை என்கிறார் தந்தை. இதை வாசிக்கும் உங்களிற் பலர் ரொறன்ரோவிலும் இலண்டனிலும் சிட்னியிலும் இருப்பவர்கள். அந்தப் படிவத்தின் கனம் எனக்குத் தெரிந்ததைவிட உங்களுக்கு நன்கு தெரியும்.

சென்ற மாதம் அவளைச் சந்தித்தபோது படிவத்தைப் பற்றி நான் கேட்கவில்லை. அவளே வேறொன்றைச் சொன்னாள். மாத்தறையிலிருந்து புதிதாக வந்த இளம் வைத்தியர் ஒருவர், சுவரிலிருந்த தாளைப் பார்த்து, உக்குவளைப் பக்கத்துக் கிழவி ஒருவரிடம் "எங்கே வலிக்கிறது?" என்று தமிழில் கேட்டிருக்கிறார். தன் மொழியில் ஒரு வைத்தியர் கேட்டதும் கிழவி முழங்காலில் தொடங்கி, மருமகள் வரை, கால் மணி நேரம் பதில் சொல்லியிருக்கிறார். இளம் வைத்தியர் ஒன்றும் புரியாமல் இவளைத் தேடி ஓடிவந்தாராம். கேள்விகளை எழுதினேன், பதில்களை எழுத மறந்துவிட்டேன் என்று சிரித்தாள். இரண்டாவது தாள் தயாராகிக்கொண்டிருக்கிறது.